மூன்று வாரத்தில் முடியாத துக்கம்

கானா நாட்டின் குமாசி சந்தையில், புகைமீன் வரிசையில் நசிமியுவை முதலில் யாரும் நம்பவில்லை. கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு, போனை நீட்டிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு வருகிறவர்களை அந்தப் பெண்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். வரும்போது தங்கச்சி என்பார்கள், போகும்போது திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

நசிமியு பிறந்தது கென்யாவில், மேற்கே புங்கோமா. அம்மா அங்கே பழைய துணி விற்றாள். கடன் கேட்கப் போய், வங்கிக் காவல்காரனிடம் கெஞ்சிவிட்டு, கதவுக்கு உள்ளேகூடப் போக முடியாமல் திரும்பி வந்த அம்மாவின் முகம் நசிமியுவின் நெஞ்சில் அப்படியே நின்றுவிட்டது. அதனால்தான் நைரோபியில் கியோகோ என்கிற இளைஞன் ஒரு சின்னக் கம்பெனி தொடங்கி, வங்கி மதிக்காத சிறு வியாபாரிகளுக்குப் போன் வழியாகவே கடன் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னபோது, அவள் மறு யோசனையே இல்லாமல் சேர்ந்தாள். கானாவில் கிளை திறக்க வேண்டும், யார் போகிறீர்கள் என்று கேட்டபோதும் அவள் கைதான் முதலில் உயர்ந்தது.

அவளை நம்பிய முதல் ஆள் யா பிராகோ. அகன்ற தோள், உரத்த குரல், புகையில் கறுத்த விரல்கள்.

"ஏய் கென்யாக்காரி, உன் கம்பெனி என் மீனைத் தின்னுமா, இல்ல என்னையே தின்னுமா?"

"மீன் மட்டும்தான் அக்கா."

"அப்ப முள்ளையும் சேர்த்துத் தின்னச் சொல்லு. தொண்டையில மாட்டட்டும்."

வரிசை முழுவதும் சிரித்தது. சிரித்துக்கொண்டே பிராகோ போனை வாங்கினாள். சம்மதம் என்ற பொத்தானை அழுத்த வேண்டும். மீன் எண்ணெயும் கரியும் அப்பிய கட்டைவிரலைத் திரை ஏற்கவில்லை. பாவாடையில் துடைத்துவிட்டு அழுத்தினாள். அப்போதும் ஏற்கவில்லை.

"உன் போனுக்கு என் விரலைப் பிடிக்கலடி."

"குடுங்கக்கா, நானே அழுத்தறேன். ஒன்னுமில்ல, எல்லாரும் அழுத்துறதுதான்."

நசிமியுவின் விரல் அழுத்தியது. பிராகோவின் போனில் இருக்கும் பெயர்களையும் எண்களையும் கம்பெனி எடுத்துக்கொள்ளலாம் என்ற சம்மதமும் அந்த அழுத்தலுக்குள்ளேயே இருந்தது. தவணை தவறினால் அந்த எண்களுக்கெல்லாம் செய்தி போகும். நசிமியுவுக்கு அது தெரியும். அதற்காகக் கியோகோவுடன் சண்டைகூடப் போட்டிருக்கிறாள். "ஒரு மெசேஜ்தானே, யாரையும் அடிக்கலையே" என்று அவன் சொல்லிவிட்டான். பிராகோ போன்ற ஒருத்தி தவணை தவறவா போகிறாள் என்று அவளும் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அவள் தவறவும் இல்லை. அந்தப் பணத்தில் பிராகோ இடைத்தரகியை விட்டுவிட்டு, தேமா துறைமுகத்திலிருந்து வரும் லாரியிலேயே மீன் எடுத்தாள். கையில் காசு நின்றது. அதைப் பார்த்து வரிசையில் ஒவ்வொருத்தியாக நசிமியுவைத் தேடி வந்தார்கள். அந்த வரிசைக்கு ராணி, மாமே அச்சியா என்ற மூதாட்டி. சந்தையில் சண்டையானாலும் சாவானாலும் அவள் சொல்தான். அவள் மட்டும் சேரவில்லை. "நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வருடம் நசிமியு மலேரியாவில் விழுந்தாள். யாருமில்லாத வாடகை அறையில் முனகிக் கிடந்தவளைப் பிராகோதான் வாடகை வண்டியில் ஏற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவள் கணவன் குவாச்சே லாரி ஓட்டுநர். பார்ப்பதற்கு மலை மாதிரி இருப்பான், மனசு வெண்ணெய். காய்ச்சல் விட்டதும், மரவள்ளிக் கிழங்கை இடித்து உருட்டிய ஃபூஃபூவும் மிளகுச் சாறும் வைத்து எதிரில் உட்கார்ந்துகொண்டான்.

"மெல்லாத, மகளே! ஃபூஃபூவை மெல்றவளை எங்க ஊர்ல மருமகளா எடுக்க மாட்டாங்க. விழுங்கு!"

"தொண்டையில நிக்குது அப்பா."

"நிக்கும். அப்புறம் போயிடும். கடன் மாதிரி."

அவன் போனில் மனைவியின் பெயர் 'மேனேஜர்' என்று இருந்தது. காட்டிவிட்டுக் கண்ணடித்தான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நசிமியுவுக்கு அந்த வீட்டில் ஒரு தட்டு எப்போதும் இருந்தது. அப்பா இல்லாமல் வளர்ந்தவளுக்கு, அந்நிய மண்ணில் ஒருவன் மகளே என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்!

அந்தக் குவாச்சே, டெச்சிமான் லாரிப் பேட்டையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவன், கோப்பையைக் கீழே வைக்காமலேயே சரிந்துவிட்டான்.

செய்தி கேட்டு நசிமியு ஓடினாள். வாசலிலேயே பிராகோவின் ஓலம் கேட்டது. அந்த ஊர் வழக்கப்படி, கணவன் அடக்கமாகும் வரை மனைவி சந்தைக்குப் போகக் கூடாது, வியாபாரக் காசைத் தொடக் கூடாது. பிராகோ தன் போனை அணைத்துப் பெட்டியில் போட்டுவிட்டாள். அதைப் பார்த்தவுடன் நசிமியுவுக்குத் தவணை நினைவு வந்தது. நல்ல எண்ணம்தான். தெரு ஓரத்தில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டே, அலுவலகப் போனைத் திறந்து துக்கத்துக்கான தவணை ஒத்திவைப்பைப் போட்டாள். எவ்வளவு காலம் என்று அது கேட்டது. மூன்று வாரம் என்று போட்டாள்.

புங்கோமாவில் அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். வீட்டுக்குப் பக்கத்திலேயே புதைத்து, மூன்றாம் நாள் தலை மழித்து, சொத்துப் பேச்சுப் பேசி, வந்த சொந்தமெல்லாம் பேருந்து ஏறியிருக்கும். ஒரு வாரம் கூடுதலாகவே போட்டிருக்கிறோம் என்றுகூட அவள் நினைத்துக்கொண்டாள்.

குமாசியில் துக்கம் அப்படி நடப்பதில்லை. குவாச்சேயின் உடல் பிணக்கிடங்கின் குளிரில் காத்திருந்தது. அவனுடைய அக்கா மகன் இத்தாலியிலிருந்து வர வேண்டும். அங்கே வாரிசு அக்கா மகன்தான், அவன் வராமல் எப்படி அடக்கம் செய்வது? பந்தல்காரன் கிடைக்க வேண்டும், சுவரொட்டி அடிக்க வேண்டும், உறவுக்கெல்லாம் ஒரே துணியில் உடை தைக்க வேண்டும். நாள் தள்ளித் தள்ளிப் போய் ஒரு சனிக்கிழமை நிச்சயமானது. நசிமியு எல்லாவற்றிலும் கூடவே இருந்தாள். மீன்காரப் பெண்களோடு சேர்ந்து கறுப்பும் சிவப்புமாகத் துணி எடுத்தாள், நாற்காலிக்கு முன்பணம் கொடுக்கப் போனாள். தான் போட்ட அந்த மூன்று வாரம் எப்போதோ முடிந்துவிட்டது என்பது மட்டும் அவள் தலைக்குள் வரவேயில்லை. பெட்டிக்குள் அணைந்து கிடந்த போனுக்குக் கம்பெனியின் நினைவூட்டல்கள் வந்து வந்து நின்றன. பதில் இல்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது இயந்திரத்துக்குத் தெரியும்.

சனிக்கிழமை. பள்ளி மைதானத்தில் பந்தல். கறுப்பும் சிவப்புமாகக் கடல் போல ஜனம். வருகிறவர்கள் வலது பக்கத்திலிருந்து தொடங்கி, உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துவிட்டுத்தான் தங்கள் இடத்துக்குப் போக வேண்டும். நசிமியுவும் அப்படியே வந்து உட்கார்ந்தாள். குடும்பத்தின் வரிசையில் பிராகோ. அவள் மடியில் குவாச்சேயின் போன். அதில் அவன் சிரிக்கும் படம் இருந்ததால் அதை அவள் கீழே வைக்கவே இல்லை.

ஒலிபெருக்கியில் அம்போஃபோ. குவாச்சேயின் சித்தி மகன். வெண்கலக் குரல். துக்கத்துக்கு வரும் நன்கொடையை, கொடுத்தவர் பெயரோடு ஊர் கேட்க அறிவிப்பது அவன் வேலை. வெளியூரில் இருப்பவர்கள் போனிலேயே பணம் அனுப்பிவிட்டு அவனுக்குச் செய்தி போடுவார்கள். போன் ஒலித்ததும் எடுத்து அப்படியே படிப்பான்.

"புகைமீன் வரிசைச் சகோதரிகள், ஐயாயிரம் சீடிப் பணம்! கை தட்டக் கூடாது, துக்க வீடு... சரி, மெதுவா தட்டுங்க!"

மீன்காரப் பெண்கள் எழுந்து துணியை அசைத்தார்கள். அந்த நேரத்தில்தான் மாமே அச்சியாவின் இடுப்பில் ஒரு போன் சிணுங்கியது. பக்கத்து நாற்காலியில் இன்னொன்று. பின்னால் ஒன்று. மழைக்கு முந்திய தவளைகள் மாதிரி பந்தல் முழுக்கச் சிணுங்கியது. நசிமியுவின் மடியிலும் ஒலித்தது. அவள் குனிந்து பார்த்தாள். கம்பெனியின் செய்தி.

"அம்போஃபோ அண்ணா! படிக்காதீங்க!" என்று கத்தினாள். முரசுச் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்?

அம்போஃபோ போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ராகம் போட்டுத் தொடங்கிவிட்டான்.

"இதோ இன்னொரு அன்பளிப்பு வந்திருக்கு! 'உங்களுக்குத் தெரிந்த யா பிராகோ... எங்களிடம் வாங்கிய கடனைக் கட்டாமல் இருக்கிறார்... அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்...'"

கடைசிச் சொல்லில்தான் அவனுக்கே விஷயம் உறைத்தது. ஒலிபெருக்கி ஒரு தரம் கீச்சிட்டு நின்றது. முரசு நின்றது.

குவாச்சேயின் தங்கை அப்ராஃபி எழுந்தாள்.

"ஓ! எங்க அண்ணன் சம்பாதிச்சதெல்லாம் எந்தப் பக்கம் போச்சுன்னு இப்பத்தானே தெரியுது! பொணத்தைக் குளிர்ல போட்டுட்டு இவ ஊரெல்லாம் கடன் வாங்கியிருக்கா!"

"வாயை மூடு அப்ராஃபி" என்றாள் மாமே அச்சியா.

"நான் ஏன் மூடணும்? ஒலிபெருக்கியே சொல்லுது!"

பிராகோ மடியிலிருந்த கணவனின் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கும் முகத்தின் மேல் அதே செய்தி வந்து உட்கார்ந்திருந்தது. அவள் மெதுவாகத் தலை நிமிர்ந்து, யாரிடமும் இல்லாமல் சொன்னாள்:

"அவருக்கும் சொல்லிட்டாங்க."

அய்யோ, அந்த வார்த்தை! நசிமியு எழுந்து ஓட முடியாமல், உட்காரவும் முடியாமல், பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிறு காலை கியோகோவே கூப்பிட்டான்.

"ரொம்பக் கஷ்டமா இருக்கு நசிமியு. பாத்துட்டேன். ஒத்திவைப்பு போட்டது உன் பேர்லதான் இருக்கு. மூணு வாரம்னு நீதான் போட்டிருக்க."

"ஆமா."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத. சிஸ்டம் தப்புன்னு சொல்லிடுவோம். ஒரு மன்னிப்பு மெசேஜ், கொஞ்சம் வட்டித் தள்ளுபடி. முடிஞ்சுது."

"செத்தவர் போனுக்கும் மன்னிப்பு மெசேஜ் போகுமா?"

"கோபப்படாத. நம்ம ஆளே ஒத்துக்கிட்டான்னு வெளிய வந்தா வழக்கு வரும். அப்புறம் உன்னை நான் வெச்சுக்க முடியாது. நீ கானாவில தங்கற அனுமதிச் சீட்டும் கம்பெனி பேர்லதான் இருக்கு. யோசி."

யோசித்தாள். அவன் சொன்னது கெட்ட எண்ணத்தில் இல்லை. அதுதான் கொடுமை. கம்பெனியைத் திட்டிவிட்டு, பிராகோவின் தோளில் சாய்ந்து அவளும் சேர்ந்து அழலாம். யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைத் தட்டு தப்பிக்கும். ஆனால் அந்தத் தட்டில் கை வைக்கும்போதெல்லாம் தொண்டையில் நிற்பது எப்போது கீழே போகும்?

திங்களன்று சந்தையில் அவளை யாரும் கூப்பிடவில்லை. வரிசை முழுக்கப் பெண்கள் கம்பெனிச் செயலியைப் போனிலிருந்து பிடுங்கி எறிந்திருந்தார்கள். ஒருத்தி மீன் கழுவிய தண்ணீரை அவள் காலடியில் ஊற்றினாள்.

"வழுக்கும். பாத்துப் போ, கம்பெனி."

நேற்று வரை தங்கச்சி. இன்று கம்பெனி.

நசிமியு நேராக மாமே அச்சியாவின் கடைக்குப் போய் மண்டியிட்டாள். அந்த ஊரில் மன்னிப்புக் கேட்கத் தனியாகப் போவது வழக்கமில்லை. பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும், தவறைப் பேர் சொல்லி வைக்க வேண்டும்.

"வெறுங்கையோடயா வந்திருக்க?" என்றாள் கிழவி. "உங்க ஊர்ல வாயாலயேவா மன்னிப்புக் கேப்பாங்க?"

"என்ன வேணும் சொல்லுங்க மாமே."

"ஒரு புட்டி ஷ்னாப்ஸ் சாராயம். பெட்டி பிரிக்காததா வாங்கு. அப்புறம் உண்மை. அது கடையில கிடைக்காது."

செவ்வாய் மதியம் பிராகோவின் முற்றத்தில் வலமிருந்து இடமாக நாற்காலிகள். அப்ராஃபி, உறவுப் பெண்கள் சிலர், கடைசியில் பிராகோ. கறுப்புத் துணிக்குள் அவள் சுருங்கிப்போயிருந்தாள். மாமே அச்சியா புட்டியை நடுவில் வைத்தாள்.

"நாங்க கெட்டதைக் கொண்டு வரல, கெட்டுப் போனதைச் சரி பண்ண வந்திருக்கோம். இந்தப் பொண்ணு பேசணுமாம். பேசு."

நசிமியுவின் வாயில் 'சிஸ்டம்' என்ற சொல் தயாராக வந்து நின்றது. பிராகோ அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நீயாவது நம் பக்கம்தானே என்ற ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நான்தான் அக்கா. கம்பெனி கேட்டுச்சு, துக்கம் எத்தனை நாள்னு. மூணு வாரம்னு நான்தான் போட்டேன். எங்க ஊர்க் கணக்கு. இங்க நாள் தள்ளிப் போனப்ப மாத்தணும்னு எனக்குத் தோணல. உங்க போன்ல இருக்கிற பேரையெல்லாம் எடுத்துக்கச் சம்மதம் குடுத்ததும் நான்தான். ஒன்னுமில்லன்னு சொல்லி என் விரலாலயே அழுத்தினேன்."

"பாத்தியா!" என்று அப்ராஃபி துள்ளினாள். மாமே அச்சியா கை உயர்த்தவும் அடங்கினாள். ஆனால் அவள் முகத்தில் ஒரு வெட்கம் ஓடியதை எல்லாரும் பார்த்தார்கள். கட்டாமல் ஏமாற்றியவள் பிராகோ இல்லை என்பது அவள் காதிலும் விழுந்துவிட்டதே.

பிராகோ மூன்று விரலை மடக்கிப் பார்த்தாள்.

"மூணு வாரம்" என்றாள். "உங்க ஊர்ல மனுஷன் செத்தா அவ்வளவுதானா?"

"புதைக்கிறது முடிஞ்சிடும் அக்கா. அழறது முடியாது."

"அதை உன் போன்ல போட்டிருக்கலாமே."

நசிமியு உடைந்து அழுதாள். யாரும் தேற்றவில்லை. பிராகோ மடிக்குள் கைவிட்டுக் கணவனின் போனை எடுத்தாள்.

"இது இன்னும் அவர் மூஞ்சி மேலயே கிடக்கு. எனக்கு எடுக்கத் தெரியும். நான் எடுக்க மாட்டேன். என் விரலுக்குப் பதிலா உன் விரலை வெச்சியே, அதே விரலை வெச்சு நீயே எடு."

நசிமியு போனை வாங்கினாள். கம்பெனியின் செய்திக்குக் கீழே 'மேனேஜர்' அனுப்பிய கடைசிச் செய்தி இருந்தது: 'சாப்பிட்டாச்சா?' தவறி அது அழிந்துவிட்டால்? கண்ணீரும் வியர்வையும் ஒட்டிய கட்டைவிரலைத் திரை ஏற்கவில்லை. மறுபடி அழுத்தினாள். ஏற்கவில்லை.

பிராகோ எழுந்து வந்தாள். தன் கறுப்புத் துணியின் ஓரத்தை எடுத்து, குழந்தையின் விரலைத் துடைப்பது போல நசிமியுவின் கட்டைவிரலை அழுத்தித் துடைத்தாள்.

"இப்ப அழுத்து."

கம்பெனிச் செய்தி போய்விட்டது. குவாச்சே சிரித்தான்.

"மத்தவங்க போன்ல எல்லாம் இருக்கே அக்கா..."

"அந்த அவமானம் நான் சந்தைக்குப் போய்ப் பட்டுக்க வேண்டியது. நீ பட முடியாது."

போனை வாங்கி மடிக்குள் வைத்துக்கொண்டு, பிராகோ மாமே அச்சியாவிடம் திரும்பினாள். "புட்டியைத் திறந்து அவருக்கு ஊத்துங்க மாமே. மகள்னு கூப்பிட்டவளை அவர் மன்னிச்சிடுவார். எனக்கு இன்னும் வரல. வருஷச் சடங்குக்கு இவ வரட்டும். அப்ப கேட்டுப் பாக்கறேன் என் மனசை."

"வர்றேன் அக்கா" என்றாள் நசிமியு. கியோகோவுக்குக் காலையிலேயே எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டதையும், அவன் பதில் வந்துவிட்டதையும், மாதம் முடிந்தால் இந்த நாட்டில் நிற்க அவளிடம் காகிதம் இல்லை என்பதையும் அவள் சொல்லவில்லை. சொன்னால் அது பரிதாபம் கேட்பதாகிவிடும்.

கிழவி ஷ்னாப்ஸை மண்ணில் ஊற்றிக் குவாச்சேயின் பெயரைச் சொல்லி அழைத்தாள். மண் குடித்தது. நசிமியு எழுந்து, வழக்கப்படி வலது பக்கத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்தாள். அப்ராஃபிகூட விரல் நுனியைக் கொடுத்தாள். கடைசி நாற்காலி பிராகோ.

பிராகோ கை நீட்டினாள். வீட்டுக்கு வரும் யாருக்கும் கொடுப்பது போலத் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டாள். மீன் அடுப்புப் புகை படாமல் இத்தனை நாள் இருந்ததில் அந்தக் கை வெளுத்து, மெலிந்து, யாரோ ஒரு அந்நியப் பெண்ணின் கை மாதிரி இருந்தது. நசிமியு தெருவுக்கு வந்து தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். மீன் வாசனையே இல்லை.